உங்கள் வகுப்பை நீங்களே ஒருமுறை கேளுங்கள்

"தாவரங்கள் தமக்கான உணவைத் தாமே தயாரிக்கும் நிகழ்வுக்குப் பேரு என்ன? ஒளிச்சேர்க்…?"

"கை!"

நாற்பது குரல்கள் ஒன்றாக எழும். வகுப்பு முழுக்கத் தன்னோடு வருகிறது என்று ஆசிரியருக்குத் தோன்றும். உண்மையில் அந்த நாற்பது பேரும் செய்தது கடைசி எழுத்தைப் போட்டு முடித்தது மட்டும்தான். மற்றதை ஆசிரியரே சொல்லிவிட்டார். நம் ஊர் வகுப்பறைகளில் இந்தப் பழக்கம் இல்லாத ஆசிரியர்கள் குறைவு. தனக்கு இது இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு, ஏனென்றால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நம் பேச்சு நம் காதில் விழுவதே இல்லை.

பி.எட். 2015இல் இரண்டு ஆண்டுப் படிப்பானபோது 'தன்னை அறிதல்' என்பதையும் ஒரு தாளாகச் சேர்த்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். நடைமுறையில் பெரும்பாலும் அது 'என் பலங்கள், என் பலவீனங்கள்' என்று இரண்டு பத்தி எழுதி, படம் ஒட்டி, அட்டை போட்டு, கையெழுத்து வாங்கும் ரெக்கார்டாக முடிந்துவிடுகிறது. 'பொறுமை அதிகம்' என்று எழுதினால் அதைச் சரிபார்க்க வழி இல்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு அந்தப் பொறுமைசாலி எத்தனை நொடி காத்திருந்தார் என்பதை அளக்கலாம். பாடக் குறிப்பேட்டின் கடைசிக் கட்டத்தில் 'பாடம் சிறப்பாக அமைந்தது, மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்' என்று எழுதுவதும் இதே கதைதான். பாடம் நடத்துவதற்கு முந்தின நாள் இரவே அதை எழுதிவிடலாம். பலர் எழுதியும் விடுகிறார்கள்.

ஆகவே மனநிலையை விட்டுவிட்டு, நடந்த பேச்சில் இருந்து தொடங்குவதே சரி. தேவையானவை ஒரு செல்போன், ஒரு பழைய நோட்டு, வாரத்துக்கு இரண்டு மணி நேரம்.

பதிவு செய்வது

வீடியோ வேண்டாம், குரல் பதிவு போதும். வீடியோ என்றால் பிள்ளைகள் கேமராவுக்கு நடிப்பார்கள், நமக்கும் சேலை மடிப்பும் சட்டைக் காலரும்தான் கண்ணில் படும். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடமும் 'நான் எப்படிப் பாடம் எடுக்கிறேன்னு நானே கேட்டுப் பார்க்கப் போறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பதிவு எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது. எழுதி முடித்ததும் அழித்துவிட வேண்டும். எழுத்தில் பிள்ளைகளின் பெயர் வேண்டாம், க, ச, ட என்று ஓர் எழுத்து போதும்.

போனைச் சட்டைப் பையில் வைத்தால் உங்கள் குரல் மட்டும் விழும், பிள்ளைகளின் பதில் கேட்காது. மேசைமேல் வைத்தால் முதல் பெஞ்ச் மட்டும் கேட்கும். நடு வரிசையில், மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், கீழே ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் பெஞ்சைத் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் இடியாக விழும். ஓடும் ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஃப்ளைட் மோடு போடுவது முக்கியம், நடுவில் போன் வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும்.

முதல் இரண்டு பதிவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த இரண்டிலும் ஆசிரியர் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசுவார், பிள்ளைகள் வழக்கத்தைவிட அமைதியாக இருப்பார்கள். மூன்றாவதில் இருந்துதான் உண்மையான வகுப்பு கேட்கும்.

பதிவில் வரும் தன் குரலைச் சகிக்க முடியாமல் இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. அதனால் நமக்கு நம் குரல் கனமாகக் கேட்கும். பதிவில் அந்த எலும்பு வழி இல்லை, குரல் மெலிந்து ஒலிக்கும். மற்றவர்களுக்கு அது எப்போதும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளில் பழகிவிடும்.

எழுதுவது

நாற்பது நிமிடத்தையும் எழுத உட்கார்ந்தால் வேலை அன்றோடு முடிந்தது. ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள், எதுவும் எழுதாமல். பிறகு நடுவில் இருந்து பத்து நிமிடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்வி கேட்டு, பிள்ளைகள் பதில் சொல்லும் பகுதியாக இருக்கட்டும். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் ஆகும், கூச்சல் அதிகமான வகுப்பென்றால் இன்னும் கூட ஆகும். பேசியபடியே எழுத வேண்டும், எழுத்துத் தமிழுக்கு மாற்றக் கூடாது. மௌனத்தை அடைப்புக்குறிக்குள் நொடிக் கணக்கில் போடுங்கள். ஹைடெக் லேப் கணினியில் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் இருந்தால் வசதி. மௌனம் தட்டையான கோடாகத் தெரியும், நொடியை அப்படியே படித்துக்கொள்ளலாம்.

ஆறாம் வகுப்பில் பின்னங்களை ஒப்பிடும் பாடம் என்று வைத்துக்கொள்வோம். எழுதி முடித்தால் அநேகமாக இப்படி ஒரு துண்டு கிடைக்கும்:

ஆசிரியர்: மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு. எது பெரிசு? (1)
பலர்: நாலுல ஒண்ணு!
ஆசிரியர்: நல்லாப் பாத்துச் சொல்லுங்க.
பலர்: மூணுல ஒண்ணு!
ஆசிரியர்: கரெக்ட். ஏன்னா, பகுதி பெரிசா இருந்தா பின்னம்…?
பலர்: சிறிசு!
ஆசிரியர்: வெரிகுட். க, நீ சொல்லு. அஞ்சுல ஒண்ணு, ஏழுல ஒண்ணு, எது பெரிசு?
க: (2) ஏழுல…
ஆசிரியர்: தப்பு. கவனிக்கணும். வேற யாரு? ச, நீ.
ச: அஞ்சுல ஒண்ணு சார்.
ஆசிரியர்: வெரிகுட். எல்லாருக்கும் புரிஞ்சுதா?
பலர்: புரிஞ்சுது சார்!

வகுப்பில் நிற்கும்போது இது நன்றாகப் போன ஒரு நிமிடம். எழுத்தில் பாருங்கள். இருப்பதே இரண்டு விடைகள், 'நல்லாப் பாத்துச் சொல்லுங்க' என்றதும் மற்றதுதான் சரி என்று யாருக்கும் தெரிந்துவிடும். பின்னத்தைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. 'ஏன்னா' என்பதை ஆசிரியரே சொல்லி, கடைசிச் சொல்லை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டார். 5ஐவிட 7 பெரியது, அதனால் ஏழில் ஒன்றும் பெரியது என்று க நினைத்திருக்கலாம். வகுப்பில் பாதிப் பேர் நினைப்பதும் அதுவாக இருக்கலாம். அதை வெளியே கொண்டுவரும் வாய்ப்பு 'தப்பு' என்ற ஒரு சொல்லில் போய்விட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'பகுதி பெரிசா இருந்தா பின்னம் சிறிசு' என்ற சூத்திரம் தொகுதி சமமாக இருக்கும்போதுதான் செல்லும். அந்த நிபந்தனையை யாருமே சொல்லவில்லை. அடுத்த வாரம் 2/3, 3/4 வந்தால் பகுதி பெரிய 3/4தான் பெரியது. அப்போது பிள்ளைகள் தப்பாகச் சொல்வார்கள், 'அன்னைக்கே சொன்னேனே' என்று திட்டும் விழும்.

எதை எண்ணுவது

வாரத்துக்கு ஒன்றை மட்டும் எண்ணுங்கள். கீழே வரும் நான்கையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டால் மனம் சோர்ந்துபோகும், எதையும் மாற்றத் தோன்றாது.

முதல் எண்ணிக்கை காத்திருக்கும் நேரம். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்புப் பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்ற பதிலும் மௌனமும் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் இரண்டு இடைவெளிகளை அளந்தார்: ஒன்று கேள்விக்குப் பின், மற்றது பிள்ளை பதில் சொன்ன பின். இரண்டாவதை நாம் யோசிப்பதே இல்லை. பதில் முடியும் முன்பே 'வெரிகுட்' விழுகிறது. அங்கே மூன்று நொடி பேசாமல் நின்றால் பிள்ளை 'ஏன்னா…' என்று தானாகவே தொடரும், அல்லது பக்கத்துப் பிள்ளை மறுத்துப் பேசும். பத்துக் கேள்விகளுக்கு இரண்டு இடைவெளிகளையும் தனித்தனியாகக் குறித்துச் சராசரி எடுங்கள்.

இரண்டாவது, யாரைக் கேட்டீர்கள் என்பது. வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்றைப் போட்டு, பதில் சொன்ன பிள்ளையின் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். இதற்குப் பதிவு மட்டும் போதாது, குரலை வைத்து எல்லாரையும் அடையாளம் காண முடியாது. வகுப்பு முடிந்த கையோடு குறித்துக்கொள்ள வேண்டும். ஆண் பிள்ளைகள் ஒருபுறம், பெண் பிள்ளைகள் மறுபுறம், நடுவில் நாம் நடக்கும் வழி என்று இருக்கும் அறையில் கோடுகள் பெரும்பாலும் முதல் வரிசையிலும் அந்த வழியின் இருபக்கமும்தான் குவியும். சுவரோரக் கடைசி பெஞ்ச் வெள்ளையாகவே இருக்கும். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிறீர்களா என்பதையும் இதோடு பாருங்கள். 'ச, அஞ்சுல ஒண்ணு…' என்று தொடங்கியதும் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் விடுமுறை. கேள்வி, மூன்று நொடி, பிறகு பெயர் என்பதே சரியான வரிசை.

மூன்றாவது, கேள்வியின் வகை: சொல்லை முடிக்கச் சொல்வது, புத்தகத்தில் இருப்பதைச் சொல்லச் சொல்வது, யோசிக்கச் சொல்வது. 'புரிஞ்சுதா?' என்பதைத் தனிக் கட்டத்தில் போடுங்கள், அது கேள்வியே அல்ல. நான்காவது, தப்பான விடைக்குப் பின் நீங்கள் சொன்ன முதல் சொல். இதை எண்ண வேண்டாம், அப்படியே வரிசையாக எழுதி வையுங்கள்.

வகுப்பில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க பி.எட்.இல் படித்த ஃபிளாண்டர்ஸ் முறை பலருக்கு ஞாபகம் இருக்கும். பத்து வகைகள், மூன்று நொடிக்கு ஒரு எண். ஏழு வரை ஆசிரியர் பேச்சு, எட்டும் ஒன்பதும் மாணவர் பேச்சு, பத்து மௌனம் அல்லது குழப்பம். நிமிடத்துக்கு 20, பத்து நிமிடத்துக்கு 200 குறிகள். தேர்வுக்கு மனப்பாடம் செய்து அதோடு மறந்துபோன விஷயம், ஆனால் சொந்த வகுப்புக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அந்த எண்களை வைத்துப் போடும் மேட்ரிக்ஸ் அட்டவணை எல்லாம் வேண்டாம். 200இல் எத்தனை 5 (விரிவுரை), எத்தனை 9 (மாணவர் தானாகத் தொடங்கிய பேச்சு) என்று மட்டும் பாருங்கள். ஒன்பது என்ற எண் ஒருமுறைகூட வராத வகுப்புகள் ஏராளம். அதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும்: 'கை!' என்ற கூட்டுக் குரலும், ஒரு பிள்ளை யோசித்துச் சொன்ன நான்கு வாக்கியமும் அதில் ஒரே எட்டுதான். குழு வேலை நடந்தால் பத்தில் போய் விழுந்து குழப்பம் என்றே பதிவாகும். நேர்நின்று பாடம் சொல்லும் வகுப்பை மனதில் வைத்துச் செய்த முறை அது. தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் மாதிரி, கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்காரும் வகுப்புக்கு அது பொருந்தாது.

மூன்று பத்தி

எண்ணிக்கை பாதி வேலைதான். நோட்டில் ஒரு பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள்.

முதல் பத்தியில் நடந்தது, பேசிய சொற்களில். இதில் நல்ல, மோசமான, ஆர்வமான, சோம்பலான போன்ற அடைமொழி எதுவும் வரக் கூடாது. மேலே உள்ள துண்டில் இருந்து 'தப்பு. கவனிக்கணும். வேற யாரு?' என்று மட்டும் எழுதலாம்.

இரண்டாவது பத்தியில், அந்த நொடியில் எதை நம்பி அப்படிச் செய்தேன் என்பது. தன்னைக் கண்டுகொள்வது என்று சொல்கிறார்களே, அது நடந்தால் இந்தப் பத்தியில்தான் நடக்கும். முதலில் எழுதத் தோன்றுவது எப்போதும் 'நேரம் இல்லை, போர்ஷன் முடிக்கணும்' என்பதுதான். அதை எழுதிவிட்டு, கீழே ஒரு கோடு போட்டு, நேரம் தாராளமாக இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேனா என்று கேட்டு மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு விஷயங்கள் வரும். தப்பான விடையை வகுப்பில் ஓடவிட்டால் மற்றவர்கள் மனதிலும் பதிந்துவிடும் என்ற பயம். மௌனமான வகுப்பு என்றால் பாடம் நடக்கவில்லை என்று வராண்டாவில் நடப்பவர் நினைப்பார் என்ற கூச்சம். 'இவனுக்கு எப்படியும் வராது' என்ற முடிவு. இந்தக் கடைசி வகையை எழுதும்போது கை தயங்கும், அதைத்தான் எழுத வேண்டும். ஒரு பிள்ளையிடம் ஒரு நொடியும் வேறொரு பிள்ளையிடம் நான்கு நொடியும் காத்திருந்தது பதிவில் இருந்தால், முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கேள்வி கேட்டது சடங்குக்கு.

இதற்குக் குழந்தைப் பருவம், ஆழ்மனம் என்றெல்லாம் போக வேண்டாம். வகுப்பில் எதை நம்பி எதைச் செய்தேன் என்பதோடு நின்றால் போதும். தன்னைத் திட்டிக்கொள்வதும் பயன்படாது. 'நான் மோசமான ஆசிரியர்' என்ற வாக்கியத்தில் நாளைக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

மூன்றாவது பத்தியில் அடுத்த வாரம் செய்யப் போகும் ஒரே ஒரு மாற்றம், வகுப்பில் சொல்லப் போகும் வாக்கியத்தோடு. 'மாணவர் மையமாகப் பாடம் நடத்துவேன்' என்பது மாற்றம் அல்ல. 'தப்பான விடை வந்தால், எப்படிக் கண்டுபிடிச்ச என்று கேட்பேன், 24 செ.மீ. காகிதப் பட்டை இரண்டு வெட்டிக்கொண்டு போய், ஒன்றில் 8 செ.மீ.யிலும் மற்றதில் 6 செ.மீ.யிலும் கோடு போடச் சொல்வேன்' என்பது மாற்றம். மூணில் ஒன்றும் நாலில் ஒன்றும் அப்போது பக்கத்துப் பக்கத்தில் கண்முன் இருக்கும்.

மற்றவர் கண்

நோட்டு நம் பார்வை மட்டும்தான். பிள்ளைகளிடம் கேட்க, கடைசி நான்கு நிமிடத்தில் அரைத் தாள் கொடுத்து எழுதச் சொல்லலாம். 'இன்று என்ன புரியவில்லை?' என்று கேட்டால் 'எல்லாம் புரிந்தது, நன்றி டீச்சர்' என்றுதான் வரும். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும் கையெழுத்து உங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். கேள்வியைத் திருப்புங்கள்: 'இன்னைக்கு வராத உன் ஃபிரண்டு, ஏழுல ஒண்ணுதானே பெரிசுன்னு கேட்டா என்ன சொல்லுவ?' நாற்பது தாள்களைக் காரணத்தோடு எழுதியது, விடை மட்டும் எழுதியது, தடம் மாறியது என்று மூன்று அடுக்காகப் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். மதிப்பெண் போடாதீர்கள். ஒருமுறை போட்டால் அடுத்த வாரம் எல்லாரும் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள்.

சக ஆசிரியர் ஒருவரை உட்காரவைக்கலாம். தலைமையாசிரியரோ வட்டார வள மையத்தில் இருந்து வருகிறவரோ வேண்டாம், அவர்கள் வந்தால் அது அதிகாரி ஆய்வு ஆகிவிடும், படிவம் வந்துவிடும். வருகிறவருக்கு ஒரே வேலை கொடுங்கள்: 'இந்த மூணு பிள்ளைங்களை மட்டும் இருபது நிமிஷம் பாருங்க, என்ன செய்றாங்கன்னு எழுதுங்க.' முடிந்தபின் எழுதியதை அவர் வாசிக்க வேண்டும். 'நல்லா இருந்துச்சு டீச்சர்' என்று தொடங்கினால் அன்பாக நிறுத்திவிடுங்கள்.

மாற்றத்தை அமலாக்கும்போது இரண்டு தொல்லைகள் நிச்சயம் வரும். மூன்று நொடி காத்திருந்தால் முதல் பெஞ்ச் அதற்குள் கத்திவிடும். 'கை தூக்க வேண்டாம், யோசிங்க, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, அப்புறம் நான் பேர் சொல்றேன்' என்ற விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. தப்பான விடைக்கு மட்டும் 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று கேட்டால், ஒரே வாரத்தில் பிள்ளைகள் அந்தக் கேள்வியைத் 'தப்பு' என்பதன் மறுபெயராகப் புரிந்துகொள்வார்கள். கேட்டதும் விடையை மாற்றுவார்கள். சரியான விடைக்கும் அதே முகத்தோடு, அதே குரலில் கேட்க வேண்டும். பிள்ளைகள் சரியான விடையையும் மாற்ற ஆரம்பித்தால், உங்கள் முகம் காட்டிக்கொடுக்கிறது.

ஒரே மாற்றத்தை நான்கு வாரம் வைத்திருங்கள். பிறகு அதே வகுப்பில், அதே மாதிரிப் பாடத்தில், மறுபடி பத்து நிமிடம் பதிவு செய்து அதே ஒன்றை எண்ணுங்கள். திருப்புதல் தேர்வு நடக்கும் வாரங்களில் வேண்டாம், அந்த வகுப்புகளின் பேச்சே வேறு. எண் நகர்ந்திருந்தால் அடுத்த எண்ணிக்கைக்குப் போகலாம். ஒரு நொடி ஒரு நொடியாகவே இருந்தால், புதிய உத்தி தேடுவதற்கு முன் இரண்டாவது பத்தியை எடுத்துப் படியுங்கள். அங்கே பெரும்பாலும் 'போர்ஷன்' என்று மட்டும் எழுதியிருக்கும், கோட்டுக்குக் கீழே காலியாக இருக்கும்.